செம்பை உடுத்திய பறவை! துராக்கோவைத் தெரியுமா?

உலகத்தில் எத்தனையோ சிவப்புப் பறவைகள் உண்டு. ஆனால் ஒரு பறவையின் சிவப்புச் சாயத்தை நெருப்பில் காட்டினால் சுடர் பச்சையாக எரியும், தெரியுமா? ஏன் பச்சை? உள்ளே இருப்பது செம்பு! சாயத்தோடு பிணைந்திருக்கும் அசல் செம்பு!

அந்தப் பறவையின் பெயர் துராக்கோ. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கா மட்டும்தான் அதன் தாய்நாடு. காட்டில் வாழும் துராக்கோவை ஆசியாவில் தேடினாலும் கிடையாது, அமெரிக்காவில் தேடினாலும் கிடையாது. மொத்தம் சுமார் 23 இனங்கள். நீண்ட வால், விரியும் கொண்டை, கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம், பட்டுப்போன்ற பச்சை உடம்பு. பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்! வளர்த்தவர்களோ விடமாட்டார்கள்! ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தோட்டத்து ஏவியரி எனும் பெரிய பறவைக் கூண்டுகளில் தலைமுறை தலைமுறையாக இதைக் குஞ்சு பொரிக்க வைக்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். துராக்கோவுக்கென்றே ஒரு சர்வதேசச் சங்கம்கூட இருக்கிறது!

நூற்றுக்கு ஏழு பங்கு!

ஆர்தர் ஹெர்பர்ட் சர்ச். இங்கிலாந்தைச் சேர்ந்த வேதியியலாளர். துராக்கோவின் சிவப்பு இறகிலிருந்து சாயத்தைப் பிரித்தெடுத்து, அதில் செம்பு இருக்கிறது என்று 1869-இல் உலகத்துக்கு அறிவித்தவர் இவர்தான். சாயத்துக்குத் 'துராசின்' என்று பெயர். அதன் எடையில் எவ்வளவு செம்பு தெரியுமா? சுமார் 7 சதவீதம்! பறவை உலகில் இப்படி ஒரு சாயத்துக்குத் துராக்கோ மட்டும்தான் பேர்போனது!

இன்னொன்று தெரியுமா? இதே சர்ச் பிற்காலத்தில் நம்மூர்ப் பக்கமும் வந்தார், புத்தகம் வழியாக! இந்தியாவின் உணவு தானியங்களைப் பற்றி 1886-இல் வெளியான ஒரு நூல் இவர் எழுதியதுதான். துராக்கோ இறகை ஆராய்ந்த அதே மனிதர் நம் தானியங்களுக்கும் கணக்குப் போட்டிருக்கிறார்!

செம்பு எங்கிருந்து வருகிறது? சாப்பாட்டிலிருந்து! பழத்திலும் இலையிலும் துளித்துளியாக இருக்கும் செம்பை உடம்பு சேர்த்துவைக்கிறது, இறகு முளைக்கும்போது அதில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அதனால்தான் குஞ்சுகளுக்கு எடுத்த எடுப்பிலேயே முழு நிறம் வருவதில்லை. பெரிய பறவையின் முழுப் பளபளப்பு வர ஏறக்குறைய ஒரு வருடம்கூட ஆகலாம்!

கிளியின் பச்சை பொய்யா?

கிளியின் இறகில் பச்சைச் சாயமே கிடையாது, தெரியுமா? மஞ்சள் சாயம் ஒருபக்கம், இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடித்துக் காட்டும் நீலம் இன்னொருபக்கம். இரண்டும் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது! பெரும்பாலான பச்சைப் பறவைகளின் கதை இதுதான்.

துராக்கோ? அசல் பச்சைச் சாயம்! 'துராகோவெர்டின்' என்று பெயர். அதிலும் செம்பு! புளி போட்டுத் துலக்காத செம்புக் குடத்தில் பச்சையாகக் களிம்பு ஏறுமே, பார்த்திருப்பீர்கள். சிவப்பான செம்புக்குள் ஒரு பச்சை ஒளிந்திருக்கிறது என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். அந்தச் சிவப்பு, பச்சை இரண்டையும் ஒரே உடம்பில் உடுத்திக்கொண்டிருக்கிறது இந்தப் பறவை!

மழையில் சாயம் போகுமா?

19-ஆம் நூற்றாண்டில் ஜூல் வெரோ என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் ஒரு தகவலைச் சொன்னார். கனமழையில் நனைந்தால் துராக்கோவின் சிவப்பு வெளுத்துவிடும், இரண்டு மூன்று நாளில் மறுபடி வந்துவிடும் என்று! எப்படி இருக்கிறது கதை?

பாதி உண்மை, பாதி நடக்கவே முடியாதது! காரத்தன்மை உள்ள நீரில் துராசின் கரையும் என்பது நிஜம். ஒரு சிவப்பு இறகை அம்மோனியா கலந்த தண்ணீரில் போட்டால் தண்ணீர் சிவந்துபோகும்! ஆனால் வெளுத்த இறகு தானே மறுபடி சிவக்காது. முளைத்து முடிந்த இறகு நம் நகம், முடி மாதிரி உயிரற்றது. பழைய இறகு உதிர்ந்து புதிது முளைத்தால்தான் உண்டு! மழைக்காட்டிலேயே வாழும் பறவை ஒவ்வொரு மழைக்கும் வெளுத்துக்கொண்டிருந்தால் பிழைப்பு என்ன ஆவது?

ஏவியரி வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. குளியல் தொட்டியைக் காரத்தன்மையுள்ள சோப்புப் போட்டுக் கழுவினால் நன்றாக அலசிவிட வேண்டும். ஏனென்றால் துராக்கோவுக்குக் குளியல் என்றால் உயிர்! தூறல் குழாயைத் திறந்துவிட்டால் இறக்கையை விரித்துக்கொண்டு வந்து நிற்கும்!

சிவப்பு எங்கே போனது?

உட்கார்ந்திருக்கும் பச்சைத் துராக்கோவைப் பார்த்தால் உடம்பில் சிவப்பே இல்லாததுபோல இருக்கும். ஏமாற வேண்டாம்! சிவப்பு முழுவதும் இறக்கைக்குள் மடிந்திருக்கிறது. அது தாவிய மறுநொடி, பளீர்! இரண்டு பக்கமும் இரத்தச் சிவப்பு! கிளையில் இறங்கி இறக்கையை மடித்ததும் பழையபடி இலையோடு இலை!

இதனால்தான் சின்னக் கூண்டில் அடைத்த துராக்கோவைப் பார்ப்பது பாதிப் பறவையைப் பார்ப்பது. பறக்க இடம் கொடுத்தால்தான் மீதிப் பாதி தெரியும்!

அரச குடும்பத்தின் தலையில்!

தெற்கு ஆப்பிரிக்காவில் எஸ்வாட்டினி என்றொரு குட்டி நாடு. முன்பு சுவாசிலாந்து. அந்நாட்டு அரச குடும்பத்தினர் விழாக்களில் தலையில் செருகிக்கொள்ளும் சிவப்பு இறகு எதனுடையது தெரியுமா? ஊதாக்கொண்டைத் துராக்கோவினுடையது! அதுவே அந்நாட்டின் தேசியப் பறவை!

அங்கோலாவின் தேசியப் பறவை? அதுவும் துராக்கோதான்! சிவப்புக்கொண்டைத் துராக்கோ. காட்டில் அங்கோலாவைத் தவிர வேறெங்கும் கிடையாது. உலகின் பல விலங்குக் காட்சிசாலைகளில் இப்போது கூண்டுக்குள்ளேயே குஞ்சு பொரித்துப் பெருகுகிறது. அதன் குரலைக் கேட்டு 'எங்கே குரங்கு?' என்று மரத்தில் தேடியவர்கள் ஏராளம்!

கேமரூனின் வடமேற்கு மலைகளில் பேனர்மேன் துராக்கோ. அதன் சிவப்பு இறகு அங்குள்ள மக்களிடையே மரியாதைச் சின்னம், கௌரவிக்கப்பட்டவர் தொப்பியில் செருகிக்கொள்வது. ஆனால் அந்தப் பறவை இன்று அழிவின் விளிம்பில்! மிஞ்சியிருக்கும் முக்கியமான புகலிடங்களில் ஒன்று கிலும்-இஜிம் மலைக்காடு. 1980-களின் பிற்பகுதியிலிருந்து அங்குள்ள ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டே அந்தக் காட்டைக் காக்கும் வேலை நடந்தது. தொப்பியில் வைத்த பறவையைக் காட்டுக்குள்ளும் வைத்துக்கொள்ள வேண்டுமே!

இளவரசரும் யானையும்!

இதைக் கேட்டால் சிலிர்க்கும்! எவ்ஜெனியோ ருஸ்போலி என்ற இத்தாலிய இளவரசர் 1890-களின் தொடக்கத்தில் எத்தியோப்பியாவுக்குள் பயணம் போனார். வழியில் ஒரு துராக்கோவைப் பிடித்துப் பாடம் செய்து வைத்தார். 1893-இல் யானையால் கொல்லப்பட்டார்! பறவையை எந்த ஊரில், எந்தக் காட்டில் பிடித்தார் என்று குறிப்பு ஏதும் எழுதி வைக்கவில்லை!

அவருடைய சேகரிப்பிலிருந்த பறவையைப் பார்த்த விஞ்ஞானி சல்வதோரி, இது யாரும் அறியாத புது இனம் என்று கண்டு 1896-இல் ருஸ்போலியின் பெயரையே சூட்டினார். சரி, பறவை எங்கே? யாருக்கும் தெரியாது! மறுபடி அது கண்ணில் பட 1940-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது! பெயர் இருக்கிறது, இறகு இருக்கிறது, ஊர் மட்டும் தெரியாத ஒரு பறவை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு!

ஏவியரியிலிருந்து அறிவியலுக்கு!

நெப்போலியனைச் சிறைவைத்த செயின்ட் ஹெலினா தீவு தெரியும் அல்லவா? 1840-களின் பிற்பகுதியில் அங்கே ஆளுநராக இருந்தவர் சர் பேட்ரிக் ராஸ். அவருடைய மனைவியிடம் ஒரு விசித்திரமான பறவை இருந்தது. உடம்பு கருநீல ஊதா, கொண்டை சிவப்பு, அலகும் முகமும் மஞ்சள்! அந்தப் பறவையின் ஓவியமும் சில இறகுகளும் லண்டனுக்குப் போயின. புகழ்பெற்ற பறவையியலாளர் ஜான் கோல்டு பார்த்தார். புது இனம்! 1850-களின் தொடக்கத்தில் அதற்கு ராஸ் சீமாட்டியின் பெயரே நிலைத்தது!

கூண்டில் வளர்த்தவர் ஒருவரால் அறிவியலுக்கு ஒரு புது இனம் கிடைத்திருக்கிறது. வளர்ப்பவர்களைப் பற்றி இளக்காரமாகப் பேசுபவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்!

குயிலா இது?

உயிரினங்களுக்கெல்லாம் பெயர்வைத்த லின்னேயஸ் 1758-இல் துராக்கோவை எதோடு சேர்த்தார் தெரியுமா? குயிலோடு! அதன்பிறகும் நெடுங்காலம் குயிலின் உறவு என்றே எண்ணிக்கொண்டிருந்தார்கள். இன்றோ துராக்கோக்களுக்குத் தனி வரிசையே கொடுத்துவிட்டார்கள்!

அதைவிடப் பெரிய அதிர்ச்சி 2018-இல்! அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கிடைத்த சுமார் 5 கோடியே 20 லட்சம் ஆண்டு பழைய புதைபடிவம் ஒன்றை மறுபடி ஆராய்ந்தார்கள். 'ஃபோரோ பனாரியம்' என்று பெயர். அது துராக்கோக்களின் ஆதிச் சொந்தம் என்று முடிவு வந்தது! இன்று ஆப்பிரிக்காவை விட்டு வெளியே வராத குடும்பம், ஒருகாலத்தில் வட அமெரிக்காவில் நீளக் கால்களோடு நடமாடியிருக்கிறது!

விரல் திரும்பும்!

சரி, ஏவியரிக்குள் போவோமா? முதலில் காலைப் பாருங்கள். துராக்கோவின் வெளிவிரல் முன்னாலும் திரும்பும், பின்னாலும் திரும்பும்! இந்த விரலை வைத்துக்கொண்டு கிளைமேல் அது ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே! பறப்பதில் அவ்வளவு கெட்டி இல்லை; இறக்கை குட்டை. ஆனால் கிளைவிட்டுக் கிளை தாவி ஓடுவதில் அதை மிஞ்ச ஆளில்லை!

அதனால் ஏவியரி உயரமாக இருப்பதைவிட நீளமாக இருப்பது முக்கியம். இருபது அடி நீளமாவது இருந்தால் பறவை மகிழும். வழவழப்பான ஒரே அளவுக் குச்சிகளைப் பூட்டாமல், பருமனும் மெலிவுமாக நிஜக் கிளைகளைப் போட வேண்டும். செடி நடலாமா? நடலாம், ஆனால் மொட்டையும் தளிரையும் தின்று மொட்டையடித்துவிடும்! செடி தப்ப வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தப் பறவையை வளர்க்கக் கூடாது!

குளிர்நாடுகளில் இன்னொரு கவலை. கடும் பனியில் விரல்கள் உறைந்து கருகி உதிர்ந்தேபோகலாம்! அதனால்தான் ஐரோப்பாவில் ஏவியரியோடு வெப்பமூட்டிய அறையையும் ஒட்டிக் கட்டுகிறார்கள். குளிர்கால இரவில் பறவையை உள்ளே அடைக்காமல் தூங்கப்போக மாட்டார்கள்!

வாழைப்பழம் தின்னாத வாழைப்பழத் தின்னி!

இந்தக் குடும்பத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் வாழைப்பழத்தைத் தின்னும் பறவை என்பது. காட்டிலோ வாழைப்பழம் அதற்கு முக்கிய உணவே அல்ல! அத்திப்பழம், காட்டுப் பழங்கள், இலை, மொட்டு, பூ, இவைதான் சாப்பாடு. மாநீலத் துராக்கோ என்ற ராட்சதன் ஒன்று உண்டு. நீளம் 70 சென்டிமீட்டரைத் தாண்டும், எடை ஒரு கிலோவைத் தொடும்! அது பழம் குறைந்த காலத்தில் இலையையே மூட்டை மூட்டையாகத் தின்று தீர்க்கும்!

ஏவியரியில் என்ன கொடுக்கிறார்கள்? ஆப்பிள், பேரிக்காய், பப்பாளி, திராட்சை, கீரை. எல்லாம் சின்னச் சின்னத் துண்டாக! ஏன்? கிளியைப்போலக் காலில் பிடித்துக் கொறிக்கத் தெரியாது. எடுத்து, தலையைத் தூக்கி, ஒரே விழுங்கு! திராட்சை முழுசாக உள்ளே போய்விடும்!

உள்ளே போன வேகத்தில் வெளியேயும் வந்துவிடும். காட்டுக்கு அது பெரிய லாபம். விதைகளைத் தூரத்தூரமாகக் கொண்டுபோய் விதைத்துவிடுகிறது! ஏவியரிக்காரருக்கோ தினமும் தண்ணீர்க் குழாயும் கையுமாக வேலை!

இரும்பு எதிரி!

செம்பைச் சேர்த்துவைக்கும் பறவைக்கு இரும்பு எமன் ஆகலாம், தெரியுமா? டூக்கான், மைனா போன்ற பழந்தின்னிப் பறவைகளைப்போல துராக்கோவும் சாப்பாட்டிலுள்ள இரும்பை ஈரலில் சேர்த்துக்கொண்டேபோய் நோயில் விழக்கூடியது. வெளியே பளபளப்பு குறையாது, உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும்!

ஒருகாலத்தில் ஊறவைத்த நாய்த்தீவனத்தைப் பழத்தோடு கலந்து கொடுத்தார்கள். அதில் இரும்பு அதிகம்! இன்று விவரம் தெரிந்தவர்கள் இரும்பு குறைத்துத் தயாரித்த பழந்தின்னித் தீவனத்தைத்தான் வாங்குகிறார்கள். ஆரஞ்சு, எலுமிச்சை வகைகளைக்கூடத் தள்ளிவைக்கிறார்கள். ஏன்? வைட்டமின் சி, உடம்பு இரும்பை இன்னும் அதிகமாக உறிஞ்ச வழிசெய்யும்! நமக்கு டாக்டர் 'நெல்லிக்காய் சாப்பிடுங்கள், இரத்தம் ஊறும்' என்று எதற்காகச் சொல்கிறாரோ, அதற்காகவே துராக்கோவுக்கு அது ஆகாது!

ஆணா, பெட்டையா?

இரண்டு துராக்கோவைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். எது ஆண்? பெரும்பாலான இனங்களில் சொல்லவே முடியாது! ஒரே கொண்டை, ஒரே பச்சை, ஒரே குரல். ஜோடி என்று நம்பி வாங்கி, வருடக்கணக்கில் முட்டைக்குக் காத்திருந்து, கடைசியில் இரண்டுமே ஆண் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்! இன்று ஓர் இறகைப் பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும், டி.என்.ஏ. சோதனை சொல்லிவிடும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. இந்தக் குடும்பத்திலேயே வெண்வயிற்றுச் சாம்பல் பறவை ஒன்று இருக்கிறது. அதில் ஆணுக்கு அலகு கறுப்பு. இனப்பெருக்கக் காலத்தில் பெட்டையின் அலகு பச்சை! இதன் இனத்தாருக்குச் செம்புச் சிவப்பும் கிடையாது, செம்புப் பச்சையும் கிடையாது. வெறும் சாம்பல், கறுப்பு, வெள்ளை. ஆனால் குரல் இருக்கிறதே! வேட்டைக்காரன் வருவதைக் கண்டதும் கத்திக் கூப்பாடு போட்டு, காட்டிலுள்ள அத்தனை மானையும் உஷார்ப்படுத்திவிடும்!

காதலன் கொலைகாரனாவானா?

ஆவான்! ஏவியரிக்காரர்கள் நடுங்குகிற விஷயம் இதுதான். இனப்பெருக்கக் காலம் வந்ததும் ஆண் துராக்கோ பெட்டைக்குப் பழம் ஊட்டும், கொண்டையை விரிக்கும், சிவப்பு இறக்கையைக் காட்டும். பார்ப்பவருக்கு மனம் உருகும்! அதே ஆண், பெட்டை முட்டையிடத் தயாராகவில்லை என்றால் துரத்த ஆரம்பிக்கும். மூலைக்கு மூலை! அது களைக்கும் வரை! காட்டில் பெட்டை பறந்து தப்பிவிடும். கம்பிவலைக்குள் எங்கே போகும்? காலையில் போய்ப் பார்த்தால் மண்டையில் கொத்துப்பட்டுக் கிடக்கும் பெட்டை! அனுபவசாலிகளிடமும் நடந்திருக்கிற துயரம் இது.

அதற்கு என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஆணின் ஒரு பக்க இறக்கையில் சில இறகுகளை மட்டும் வெட்டிவிடுகிறார்கள். பெட்டைக்கு வேகத்தில் ஒரு படி முன்னுரிமை! ஏவியரிக்குள் அங்கங்கே அடர்ந்த புதரும் தட்டியும் வைத்து, கண்ணில் படாமல் ஒளிய இடம் செய்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டு ஒன்றுக்கு இரண்டாக, இரண்டு மூலையில்! ஒரே தட்டு வைத்தால் ஆண் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு பெட்டையைப் பட்டினி போட்டுவிடும்! புது ஜோடியை ஒரே நாளில் ஒன்றாக விடுவதும் இல்லை. நடுவே வலை கட்டி, பக்கத்துப் பக்கத்து அறையில் பழகவிட்டுப் பிறகுதான் கதவைத் திறக்கிறார்கள். இரண்டு ஜோடிகளை ஓர் ஏவியரியில் போடலாமா? கூடவே கூடாது!

இவ்வளவும் செய்பவரிடம்தான் துராக்கோ நிலைக்கும். கூண்டு வாங்கக் காசு இருந்தால் போதும் என்பவரிடம் நிலைக்காது!

அடியிலிருந்து பார்த்தால் முட்டை தெரியும்!

இத்தனை அழகான பறவையின் கூடு எப்படி இருக்கும்? மகா மட்டம்! நாலு குச்சியைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால் கூடு! கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் குச்சிகளின் இடுக்கில் முட்டை தெரியும் அளவுக்கு மெலிசு! காற்றடித்தால் உருண்டுவிடுமே என்று பயந்து, வளர்ப்பவர்கள் பிரம்புக் கூடையையோ வலைத்தட்டையோ இலைமறைவில், உயரத்தில் கட்டிக்கொடுக்கிறார்கள். பறவை அதன்மேல் தன் பங்குக்குக் குச்சி நாலு வைத்துத் திருப்திப்பட்டுக்கொள்ளும்!

முட்டை வழக்கமாக இரண்டு. அப்பாவும் அம்மாவும் மாறிமாறி அடைகாக்கும்! பச்சைத் துராக்கோக்களுக்குச் சுமார் மூன்று வாரம்; மாநீலத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம். குஞ்சு வெளியே வந்ததும் பெற்றோர் முட்டை ஓட்டைத் தின்றுவிடும். குஞ்சின் எச்சத்தையும் விழுங்கிவிடும்! அருவருப்பா? இல்லவே இல்லை! கூட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் அக்கறை அது!

இறக்கையில் நகம்!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்! துராக்கோக் குஞ்சின் இறக்கை நுனியில் குட்டி நகம் இருக்கிறது! பறவைக்கு இறக்கையில் நகமா? ஆமாம்! தென் அமெரிக்காவின் ஹோட்சின் குஞ்சுக்கு இப்படி இருப்பது உலகப் புகழ். துராக்கோவுக்கும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது!

எதற்கு நகம்? குஞ்சு பறக்கக் கற்பதற்கு முன்பே கூட்டைவிட்டு இறங்கிவிடும்! அடர்ந்த பழுப்புப் பஞ்சு போர்த்திய உடம்போடு, காலாலும் இறக்கையாலும் பற்றிப்பற்றிக் கிளைமேல் ஏறி, இறங்கி, தடுமாறி, மறுபடி ஏறி... பார்த்துக்கொண்டே இருக்கலாம்! இன்னும் பல நாள் ஆன பிறகே ஒழுங்காகப் பறக்கும். அதுவரை பெற்றோர் இருவரும் பழக்கூழைக் கக்கிக்கக்கி ஊட்டிக்கொண்டே இருக்கும்!

ஏவியரியில் இது மிக ஆபத்தான காலம். குஞ்சு தரையில் விழும், ஈரத்தில் விறைக்கும், எலிக்கு இரையாகும். அதனால் கூட்டிலிருந்து தரைவரை சாய்வாகக் கிளைகளைச் சார்த்தி வைப்பது வழக்கம். விழுந்த குஞ்சு தானே ஏறி மேலே போய்விடும்! குஞ்சு தானாகச் சாப்பிட ஆரம்பித்ததும் வேறு ஏவியரிக்கு மாற்ற வேண்டும். தாமதித்தால்? அடுத்த ஈட்டுக்குத் தயாராகும் அப்பா, சொந்தக் குஞ்சையே விரட்டும்!

கலந்தால் போச்சு!

பச்சைத் துராக்கோக்களில் பல இனங்கள் அண்ணன் தம்பி மாதிரி ஒன்றுபோலவே இருக்கும். கினி, லிவிங்ஸ்டன், ஷாலோ, இவற்றைக் கொண்டையின் நீளத்தையும் முனையின் வெண்மையையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். கைக்குக் கிடைத்ததை ஜோடி சேர்த்தால் கலப்புக் குஞ்சு பிறந்துவிடும்! எத்தியோப்பியாவில் காட்டிலேயே ருஸ்போலித் துராக்கோவும் வெண்கன்னத் துராக்கோவும் கலப்பது பதிவாகியிருக்கிறது.

கூண்டில் இது பெரிய நஷ்டம். ஏன் தெரியுமா? காட்டுப் பறவைகளை இறக்குமதி செய்வதை ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் பறவைக் காய்ச்சல் பயத்தில் நிறுத்தியது. 2007-இல் நிரந்தரமாகவே தடை செய்தது! அமெரிக்கா 1992-லேயே சட்டம் போட்டு இறுக்கிவிட்டது. அப்படியென்றால், ஏவியரிகளில் இன்று இருக்கும் பறவைகளே இனி விதை! ஒரு கலப்பு நுழைந்தால் அந்த வம்சத்தைச் சுத்தம் என்று யாரும் நம்ப முடியாது. வளையம் மாட்டி, பிறப்புப் பதிவேடு எழுதி, ரத்த உறவு இல்லாத ஜோடியைத் தேடி நாடுவிட்டு நாடு கேட்டு விசாரிக்கிறார்களே, அந்தப் பைத்தியக்காரத்தனமான அக்கறைக்குத் தலைவணங்க வேண்டும்!

நம்மூருக்கும் சட்டம் உண்டு!

வெளிநாட்டுப் பறவை வளர்க்கும் ஆசை நம்மூரிலும் வளர்ந்துவிட்டது. பலருக்குத் தெரியாத ஒன்று: பச்சைத் துராக்கோக்கள் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தத்தின்படி, சைட்டிஸ் உயிரினங்கள் நான்காம் அட்டவணைக்குள் வந்துவிட்டன. 2024-இல் வந்த விதிகளின்படி, அப்படிப்பட்ட பறவை கையில் இருந்தால் மத்திய அரசின் 'பரிவேஷ் 2.0' இணையதளத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும்! குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும்!

யாராவது உங்களிடம் 'காகிதமெல்லாம் எதற்கு சார், பறவையைப் பாருங்கள், எப்படி ஜொலிக்கிறது!' என்று துராக்கோவை நீட்டினால் கையை நீட்டாதீர்கள். காலில் வளையம் இருக்கிறதா, பிறந்த இடம் எழுத்தில் இருக்கிறதா, டி.என்.ஏ. சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இருபது அடி ஏவியரியும் தினம் பழம் நறுக்கப் பொறுமையும் இல்லையென்றால், வாங்கவே வேண்டாம்!